இரவல் நிலத்துப் பந்தயம்

சென்னைவாசிகள் ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால் தெற்குத் திசையில்தான் கிளம்புவார்கள். அடையாறு, திருவான்மியூர், மகாபலிபுரம் என்று கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் நடக்கும். "நான் வடக்கே போகப் போகிறேன். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் பார்த்துக்கொண்டு சோழவரம் வரையில் போய் வரலாம் என்று உத்தேசம்" என்று நான் சொன்னதும், வீட்டில் எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "அங்கே புகைபோக்கியையும் லாரியையும் தவிர வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள்.

கேள்வியில் பாதி நியாயம் இருக்கத்தான் இருக்கிறது. நான் தேடிப் போனதும் புகையும் சக்கரமும் சம்பந்தப்பட்ட விஷயமே. மோட்டார்ப் பந்தயம் என்னும் விளையாட்டுக்கும் இந்த வடசென்னைப் பிரதேசத்துக்கும் என்ன உறவு என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். நான் நினைத்ததைக் காட்டிலும் உறவு நெருங்கியது என்று பிரயாணத்தின் முடிவில் தெரிந்தது. பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பத்தார் யோசிக்க வேண்டிய காரியம் ஒன்றும் வழியில் அகப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வேகம் புறப்பட்ட இடம்

இராயபுரம் ரயில்வே ஸ்டேஷனில் பிரயாணத்தைத் தொடங்கினேன். தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் வண்டி 1856-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. மாட்டு வண்டியின் வேகத்தையும் குதிரையின் வேகத்தையும் மாத்திரமே அறிந்திருந்த நம் முன்னோர்கள், யந்திரத்தின் வேகம் என்ற ஒன்றை முதன் முதலாகக் கண்டது இந்தத் தூண்களுக்கு எதிரேதான். அன்று புறப்பட்ட அவசரம் இன்று வரையில் நிற்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. ஸ்டேஷனுக்கு வெளியே துறைமுகத்தை நோக்கிப் போகும் லாரிகளின் வரிசையைப் பார்த்தால், அவசரமாக ஓடுவதைக் காட்டிலும் அவசரமாகக் காத்திருப்பதே இக்காலத்து நாகரிகம் என்றும் தோன்றுகிறது.

தண்டையார்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூருக்கு வந்தேன். தியாகராஜ சுவாமியும் வடிவுடையம்மனும் கோயில் கொண்டிருக்கும் ஸ்தலம். பட்டினத்தடிகள் சமாதி அடைந்த ஊர். காதற்ற ஊசியும் கடைவழிக்கு வாராது என்று உணர்ந்து உலகத்தைத் துறந்த மகானுடைய ஊரில்தான், ஊசிமுனை அளவும் பிசகாமல் யந்திரம் செய்யும் தொழில் வேரூன்றியது. 1946-ம் ஆண்டில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் இவ்வூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகளுக்கு ரப்பர் பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயர்களுக்கு மறுபடி மேல் தோல் போடும் ரப்பரில் இறங்கினார். அடுத்த பத்தாண்டு முடிவதற்குள் டயரே செய்ய ஆரம்பித்துவிட்டார். எம். ஆர். எப். என்ற மூன்று எழுத்துக்கள் அந்தப் பலூன் கொட்டகையில் பிறந்தவை. பலூனைப் போல் ஊதிப் பெருத்த தொழில்கள் பல வெடித்துப் போனதுண்டு, இது வெடிக்கவில்லை.

1955-ல் அதே திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. நம்முடைய இராணுவம் எல்லைக் காவலுக்காக 'புல்லட்' வண்டிகளைக் கேட்டு வாங்கியதே அதற்கு மூலகாரணம். இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை முதலில் இங்கே பூட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1970-ம் ஆண்டோடு இங்கிலாந்தில் அந்தத் தொழில் அற்றுப் போயிற்று. தாய் வீட்டில் அணைந்த விளக்கைத் திருவொற்றியூர்த் தொழிலாளிகள் அணையாமல் காத்தார்கள். 1977-ல் இங்கே செய்த வண்டிகளை இங்கிலாந்துக்கே கப்பலேற்றத் தொடங்கினார்கள். சுதேசி இயக்கத்தில் சிறை சென்றவர்கள் இதைக் கண்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்!

இன்னும் வடக்கே எண்ணூர். சுதந்திரம் வந்த மறு வருஷம், 1948 செப்டம்பரில், அசோக் மோட்டார்ஸ் என்னும் கம்பெனி தோன்றியது. அதை ஆரம்பித்த ரகுநந்தன் சரண் பஞ்சாபைச் சேர்ந்த தேசபக்தர். "நாட்டுக்கு இப்போது தொழில் வேண்டும்" என்று பண்டித நேரு தூண்டியதன் பேரில் இத்துறையில் இறங்கியவர். எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டினார்கள். 1955-ல் லேலண்டு என்ற ஆங்கிலக் கம்பெனியும் சேர்ந்து அசோக் லேலண்டு ஆயிற்று. அந்தப் பெயர் பொறித்த பஸ்ஸோ லாரியோ ஓடாத ரஸ்தா தமிழ்நாட்டில் இல்லை.

மேற்கே மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்தி செய்யும் ஆலை வேலை செய்கிறது. மோட்டார் ஓட என்ன வேண்டும்? எஞ்சின் வேண்டும், டயர் வேண்டும், பெட்ரோல் வேண்டும், இவற்றைப் பழக்கத் தெரிந்த கைகள் வேண்டும். நான்கும் ஒரு நாள் நடையில் அடங்கிவிடும் இடம் இது. இங்கே பந்தயம் பிறக்காமல் வேறு எங்கே பிறக்கும்?

அமெரிக்கக் கள்ளும் களிமண்ணும்

சோழவரத்துக்குப் போவதற்கு முன்னால் நேயர்களைக் கொஞ்சம் கடல் கடந்து அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. இந்த விளையாட்டின் எளிய வடிவம் அமெரிக்க நாட்டுச் சிற்றூர்களில் வளர்ந்தது.

1920 முதல் 1933 வரையில் அமெரிக்காவில் மதுவிலக்கு அமலில் இருந்தது. மதுவிலக்கு என்றால் என்ன, அதன் நிழலில் என்னென்ன முளைக்கும் என்று தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ராஜாஜி 1937-ல் சேலம் ஜில்லாவில் அதைக் கொண்டு வந்த நாளிலிருந்து நமக்கு அந்த அநுபவம் உண்டு. அமெரிக்கத் தென் பகுதி மலைகளில் களவாகச் சாராயம் காய்ச்சினார்கள். மதுவிலக்கு எடுபட்ட பிறகும் வரி கொடாமல் விற்பதற்காகக் காய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். சரக்கை ஏற்றிக்கொண்டு மலைப் பாதையில் அதிகாரிகளை முந்திப் போக வேண்டும். வண்டியோ பார்வைக்குக் குடியானவன் வீட்டு வண்டிபோல் இருக்க வேண்டும். ஆகவே சாதாரணக் கடைச்சரக்குக் காரை வாங்கி, எஞ்சினைத் திறந்து, உள்ளே மாத்திரம் வித்தை செய்தார்கள். "என் வண்டி வேகமா, உன் வண்டி வேகமா?" என்ற வாதம் அவர்களுக்குள் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேய்ச்சல் நிலத்தில் வட்டமாகத் தடம் போட்டு அந்த வாதத்தைத் தீர்த்துக்கொண்டார்கள். 'ஸ்டாக் கார்' பந்தயத்துக்கு அவர்களும் ஒரு மூலபுருஷர். ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கிறபடியே உள்ள கார் என்று அர்த்தம்.

இந்தக் கூட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டு வந்தவர் பில் பிரான்ஸ் என்ற மெக்கானிக். 1948 பிப்ரவரியில் 'நாஸ்கார்' என்னும் சங்கத்தை ஏற்படுத்தினார். 1949 ஜூன் 19-ம் தேதி சார்லட் நகரத்தில் முக்கால் மைல் மண் வட்டத்தில் சங்கத்தின் முதல் ஸ்டாக் கார்ப் பந்தயம் நடந்தது. கிளென் டன்னவே என்பவர் முதலாவதாக வந்தார். பந்தயம் முடிந்து வண்டியைச் சோதித்தால், பின் ஸ்பிரிங்குகள் கடைச்சரக்கு அல்ல. சாராயப் பாரம் தாங்குவதற்காக மாற்றப்பட்டவை! பரிசு அவரை விட்டுப் போயிற்று. இரண்டாவதாக வந்த ஜிம் ரோப்பர் வெற்றி பெற்றார் என்று தீர்ப்பாயிற்று. அன்று ஒரு முறை தீர்ப்புச் சொன்னதில்தான் அந்த விளையாட்டின் மானம் நின்றது என்று கூறலாம். விதி இல்லாத வேகம் துரத்தல். விதி உள்ள வேகமே பந்தயம்.

மண் பாதையில் ஓட்டுவது தனி வித்தை. கால் மைல் அல்லது அரை மைல் சுற்றளவில் முட்டை வடிவமாகத் தடம் அமைப்பார்கள். களிமண்ணைத் தண்ணீர் தெளித்து இறுக்குவார்கள். குயவர் மண்ணைப் பதம் பார்ப்பதுபோல் பாதைக்காரர் பதம் பார்ப்பார். ஈரம் மிகுந்தால் சேறு, குறைந்தால் புழுதி. வளைவில் வண்டியின் பின்புறம் வெளியே சறுக்கும். இடது பக்கம் திரும்ப வேண்டிய ஓட்டுகிறவர் முன் சக்கரங்களை வலது பக்கம் ஒடிப்பார்! மிதிக்கிற விசையைக் கூட்டியும் குறைத்தும் சறுக்கலையே திருப்பமாக்கிக் கொள்வார். ஓட ஓட மண் காய்ந்து, சக்கரம் பட்ட இடம் கறுத்துப் பளபளக்கும். ஆகையால் முதல் சுற்றில் நல்ல வழியாக இருந்தது பத்தாவது சுற்றில் கெட்ட வழியாகிவிடும். பணம் கொடுத்து வாங்கிய எஞ்சினைக் காட்டிலும் பழகிய கைக்கு அங்கே மதிப்பு அதிகம்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு விதி. சில சிறிய பந்தயங்களில், வென்ற வண்டியை அல்லது அதன் எஞ்சினை, முன்னதாகக் குறித்த விலைக்குப் போட்டியாளர் எவரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வென்றவர் மறுக்கக் கூடாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து ரகசியமாக எஞ்சினைத் திருத்தியவன் அதைச் சொற்ப விலைக்கு இழக்க நேரும். அதனால் யாரும் அதிகமாகச் செலவழிப்பதில்லை. ஏழையும் பணக்காரனும் ஒரே களத்தில் நிற்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல உபாயம் எனக்குத் தெரியவில்லை.

ஊர் பெரிதானால் மண்ணுக்கு மதிப்புக் குறைவது எங்கும் உள்ள வழக்கம். 1970 செப்டம்பர் 30-ம் தேதி நாஸ்கார் சங்கத்தின் தலைமைப் பந்தய வரிசை மண் பாதையிலிருந்து விடை பெற்றது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2021-ல், பிரிஸ்டல் என்ற ஊரில் சிமெண்டுப் பாதையின் மேல் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மறுபடி ஒரு பந்தயம் நடத்தினார்கள். விட்டு வந்த கிராமத்தைப் பட்டணத்தில் பொம்மையாகச் செய்து பார்ப்பது மனித சுபாவம்.

மண் பாதைப் பந்தயம் நமக்கும் புதியது அல்ல. கொங்கு நாட்டில் ரேக்ளா வண்டிகள் 200 மீட்டரும் 300 மீட்டரும் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தடுத்தது. 2017-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் செய்தது. 2023-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று அதே கோர்ட்டு ஒப்புக்கொண்டது. காளையைத் துன்புறுத்தக் கூடாது, கூட்டத்துக்கு வேலி வேண்டும், டாக்டர் வேண்டும் என்று விதிகள் வந்தன. மாட்டுக்கே விதி வேண்டும் என்றால் மோட்டாருக்கு வேண்டாமா?

சோழவரம்

செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தா ரஸ்தாவில் சிறிது தூரம் போனால் சோழவரம். 1872 முதல் சென்னைக்குக் குடிநீர் சேர்த்துத் தரும் ஏரித் தொடரில் இதுவும் ஒன்று. கரையில் ஏறி நின்றேன். நீர் பரந்து கிடந்தது; கொக்குகள் தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த அமைதியைப் பிளந்துகொண்டு ஒரு காலத்தில் எஞ்சின்கள் கர்ஜித்தன என்று நம்புவது கஷ்டமாக இருந்தது.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பிலும் திருகோணமலையிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டார்கள். சென்னை நகரம் மூட்டை கட்டிக்கொண்டு கிராமங்களுக்கு ஓடியது. வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த யுத்த காலத்தில் விமானங்களுக்காகச் சோழவரத்தில் ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் முடிந்தது, விமானங்கள் போயின, நீண்ட, நேரான, உறுதியான தளம் ஒன்று வயல்களுக்கு நடுவே வேலையில்லாமல் கிடந்தது.

இங்கிலாந்திலும் அப்படித்தான் நடந்தது. சில்வர்ஸ்டோன் என்ற யுத்த விமான நிலையத்தில் 1948 அக்டோபரில் வைக்கோற்கட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்து மோட்டார்ப் பந்தயம் நடத்தினார்கள். அதுவே பின்னால் உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவில் நாஸ்கார் தோன்றியதும், சில்வர்ஸ்டோனில் பந்தயம் தொடங்கியதும், எண்ணூரில் மோட்டார்க் கம்பெனி உதயமானதும் ஒரே 1948 என்பதைக் கவனித்தீர்களா? யுத்தத்தில் டாங்கியும் விமானமும் பழக்கிய கைகள், சமாதான காலத்தில் செய்வதற்கு வேலையும் விளையாட்டும் தேடிய வருஷம் அது.

1953-ல் சென்னையில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஏற்பட்டது. அதன் முயற்சியால் சோழவரத்து ஓடுதளம் பந்தயப் பாதையாயிற்று. மூன்று பத்தாண்டுகளுக்கு மேல், தென்னாட்டு மோட்டார்ப் பிரியர்களுக்குச் சோழவரம் என்றால் ஏரி அல்ல, பந்தயம். கோண்டல் சமஸ்தானத்து ராஜகுமாரர் வந்தார். கல்கத்தாவிலிருந்து கின்னி லால் வந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா, 'என்ஸைன்' என்னும் அயல்நாட்டுப் பந்தயக் காரைக் கொண்டு வந்து ஓட்டினார்.

ராஜாக்களும் சீமான்களும் ஓட்டினார்கள் என்பதனால் இது அவர்களுடைய விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அந்நாளில் வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்வது சுலபமல்ல; லைசென்ஸும் பர்மிட்டும் வேண்டும். பெரும்பாலோருக்குக் கிடைத்தவை அம்பாஸடர், பியட், ஹெரால்டு ஆகிய மூன்று ஜாதிக் கார்களும், புல்லட், ஜாவா போன்ற மோட்டார் சைக்கிள்களுமே. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைத்து வரும் அம்பாஸடரைப் பந்தயத்துக்கு அழைத்துப் போவதென்றால் அதற்குள் எவ்வளவு வேலை செய்ய வேண்டும்! ஆசனங்களைக் கழற்றிக் கனத்தைக் குறைப்பார்கள். சிலிண்டர் தலையை இழைத்து அமுக்கத்தைக் கூட்டுவார்கள். காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தைக் காது கொடுத்துக் கேட்டே திருத்துவார்கள். அமெரிக்க மலைகளில் சாராயம் கடத்தியவர்கள் செய்த அதே வித்தை. இங்கே பட்டறை மெக்கானிக்குகள் நல்ல காரியத்துக்குச் செய்தார்கள். கடைச்சரக்கு வண்டிப் பந்தயம் என்ற பெயர் இங்கே வழங்கவில்லையே தவிர, காரியம் அதுதான்.

திருவொற்றியூரில் ஒரு டீக்கடையில் வயோதிகர் ஒருவரைச் சந்தித்தேன். ஆயுள் முழுவதும் மோட்டார்ப் பட்டறையில் உழைத்தவர். கைவிரல் நகங்களில் கிரீஸ் இன்னும் போகவில்லை.

"சோழவரம் பார்த்திருக்கிறீர்களா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"பார்த்திருக்கிறேனாவது! வாடகை சைக்கிளில் போய் வேலி ஓரம் நின்று பார்த்திருக்கிறேன், ஸார். எங்கள் முதலாளி பட்டறையில் வேலை பார்த்த வண்டி ஒன்று ஓடியது. ஜயித்ததா என்று கேட்காதீர்கள். நாலாவது சுற்றில் புகை விட்டுக்கொண்டு நின்றுவிட்டது."

"வருத்தமாக இருந்ததோ?"

"எனக்கென்ன வருத்தம்? மூன்று சுற்றும் நான் இறுக்கிய நட்டு ஒன்றுகூட அவிழவில்லை, ஸார்!"

டீயைக் குடித்து முடித்துவிட்டு அவர் போய்விட்டார். எந்த விளையாட்டுக்கும் இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் வேண்டுமா என்று நான் வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

விதை எங்கே விழுந்தது?

ஓடுதளம் பந்தயத்துக்காகப் போட்டதல்ல, இரவல் நிலம். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதை ஆகிவிடக் கூடாதல்லவா? கிளப்பினர் சொந்தமாக நிலம் தேடினார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயப் பாதை அமைத்து, 1990-ல் திறந்தார்கள். பந்தயம் மேற்கே குடியேறியது. வடக்கே சோழவரம் மௌனமாயிற்று.

சோழவரத்தில் விழுந்த விதை வீண் போகவில்லை. பந்தயங்களில் கலந்துகொண்ட கோயமுத்தூர் சுந்தரம் கரிவரதன், "அயல்நாட்டுக் கார் வேண்டாம், நம் ஊர் எஞ்சினையே வைத்துப் பந்தயக் கார் செய்வோம்" என்று துணிந்தார். மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தயக் கார் அமைத்தார். பணம் படைத்த சிலருக்கே எட்டிய விளையாட்டு, இன்னும் கொஞ்சம் பேருக்கு எட்டியது. 1995-ல் விமான விபத்தில் அவர் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மாருதி எஞ்சின் காரில் பழகிய கோவை இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005-ல் 'பார்முலா ஒன்' என்னும் உலகத் தலைமைப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2010-ல் இரண்டாவதாகச் சென்ற கருண் சாந்தோக் சென்னைக்காரர். அவருடைய பாட்டனார் இந்து சாந்தோக், மதராஸ் கிளப்பை வளர்த்தவர்களில் ஒருவர். 1971-ல் அகில இந்திய மோட்டார் விளையாட்டுச் சம்மேளனம் ஏற்படவும் பாடுபட்டவர். மண் பாதைகளில் ராலி ஓட்டிப் பேர் பெற்ற கௌரவ் கில்லுக்கு 2019-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. மோட்டார் விளையாட்டுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் தடவை.

இவ்வளவும் பெருமைப்படத் தக்கவை. ஆனால் கோவையும் தென்சென்னையும் வீரர்களைத் தந்த இந்தக் கதையில், எஞ்சினும் டயரும் செய்து கொடுத்த வடசென்னைப் பிள்ளைகள் எங்கே?

இரவில் ஓடும் பிள்ளைகள்

அவர்களும் ஓட்டத்தான் ஓட்டுகிறார்கள். எங்கே ஓட்டுகிறார்கள் என்பதுதான் துக்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல், லாரிகள் போகும் பொது ரஸ்தாவில் மோட்டார் சைக்கிள் பந்தயம்; சில இடங்களில் ஆட்டோ ரிக்ஷாப் பந்தயம்; பக்கத்தில் பணயம். சென்னையைச் சுற்றியுள்ள பல ரஸ்தாக்களில் இது நடக்கிறது. போலீஸார் தடுப்பு வைக்கிறார்கள், வண்டிகளைப் பறிமுதல் செய்கிறார்கள், வழக்குத் தொடுக்கிறார்கள். இருந்தும் காலையில் பத்திரிகையைப் பிரித்தால், பதினெட்டு வயது, இருபது வயது என்று ஒரு செய்தி. அந்தப் பிள்ளை மாத்திரமா? வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய வேறொருவருடைய தகப்பனாரும் சேர்ந்துதான் அடிபடுகிறார்.

இதுவும் இரவல் நிலத்துப் பந்தயமே. கேட்டு வாங்காத இரவல். எல்லாருக்கும் சொந்தமான பாதையைச் சிலர் உயிரோடு சூதாடுவதற்கு எடுத்துக்கொள்ளும் இரவல்.

2024 ஆகஸ்டு 31-ம் தேதியும் மறு நாளும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேரத்தில் 'பார்முலா நான்கு' கார்ப் பந்தயம் நடந்தது. மூன்றரை கிலோமீட்டர் ரஸ்தாவைப் போக்குவரத்துக்கு அடைத்து, தடுப்புச் சுவரும் விளக்கும் வைத்து நடத்தினார்கள். கண்டு களித்தவர்கள் உண்டு. வீண் செலவு என்று குறை கூறியவர்களும் உண்டு. அதைப் பார்த்த ஒரு காசிமேட்டுப் பையன் வீட்டுக்குத் திரும்பி என்ன செய்வான் என்பதுதான் என் கவலை. பார்ப்பதற்கு ஒரு பந்தயம் கிடைத்தது. பழகுவதற்கு ஓர் இடம் கிடைத்ததா?

ஆகையினால் எனக்கு ஓர் ஆசை. வடசென்னையிலே, வேலை நின்று போன ஆலை நிலம் ஒன்றில், கால் மைல் மண் வட்டம் ஒன்று இருக்கலாம். சிமெண்டு வேண்டாம், விளம்பரக் கொட்டகை வேண்டாம். களிமண்ணும் தண்ணீரும் வேலியும் போதும். பழைய வண்டிகள்தான் ஓட வேண்டும். வென்ற வண்டியைக் குறித்த விலைக்கு யாரும் கேட்கலாம் என்ற விதி இருக்க வேண்டும். பட்டறைப் பெரியவர்கள் வாரம் ஒரு நாள் வந்து பையன்களுக்கு நட்டு இறுக்கக் கற்றுக் கொடுக்கலாம்.

"மண் பாதை என்றால் ஆபத்து இல்லையா?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். வேகம் குறைவு என்பதனால் ஆபத்து அற்றுப் போவதில்லை. இலங்கையில் தியத்தலாவைக்கு அருகில் 'பாக்ஸ்ஹில்' என்னும் மண் பாதை இருக்கிறது. 2024 ஏப்ரல் 21-ம் தேதி அங்கே பந்தயக் கார் ஒன்று தடத்தை விட்டு விலகி ஜனக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருத்தி 8 வயதுக் குழந்தை. ஆஸ்பத்திரி வண்டியும் காவலும் உள்ள நம் இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023 ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உயிர் இழந்தான். இவற்றை மறைத்துவிட்டு ஆசையை மாத்திரம் சொல்வது யோக்கியமல்ல.

ஆனால் அந்த விபத்துக்களிலிருந்து பாடம் படிக்கலாம். கூட்டம் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எத்தனை வயதுக்கு மேல் ஓட்டலாம், தலைக் கவசம் எப்படி இருக்க வேண்டும் என்று விதியை இறுக்கலாம். இரவு ரஸ்தாவில் நடக்கும் விபத்திலிருந்து யாரும் எதையும் படிப்பதில்லை. அங்கே விதியும் இல்லை. விதி என்று நாம் தலையில் அடித்துக்கொள்ளும் மற்றொரு விதிதான் இருக்கிறது.

ஏரிக்கரையை விட்டு இறங்கும்போது சூரியன் அஸ்தமித்துக்கொண்டிருந்தது. கல்கத்தா ரஸ்தாவில் ஒரு மோட்டார் சைக்கிள் தெற்கு நோக்கிப் பறந்தது. மூன்று பையன்கள், ஒருவன் தலையிலும் கவசம் இல்லை. அந்த எஞ்சினை இறுக்கியது எந்தத் திருவொற்றியூர்த் தகப்பனோ, தெரியாது. அதன் சத்தம் தேய்ந்து மறையும் வரையில் அங்கேயே நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வேளையாக, அது ஒரே சீராகத் தேய்ந்து மறைந்தது.